சுழல் துப்பாக்கி சேகரிக்கும் கனவான்களுக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆயர் குரோவில் நண்பர் ஒருவர் இல்லத்தில் நிச்சயதார்த்தம் முடிந்து, வந்தவர்கள் தேநீர் அருந்திக் கொண்டிருந்த வேளையில் கூடத்தில் ஒரு விவாதம் எழுந்தது. ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய தகப்பனாருக்குப் பிறந்து, கல்வியால் உயர்ந்து, இப்பொழுது அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் வாலிபர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் தமது கைத்தொலைபேசியை எடுத்து, அங்கே தம் வீட்டில் சேர்த்து வைத்திருக்கும் ஐந்து துப்பாக்கிகளின் படங்களைக் காட்டினார். ரிவால்வர் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சுழல் துப்பாக்கிகள் அவை. அவற்றிலும், உலோகத் தோட்டா வழக்கத்துக்கு வருமுன் கருமருந்தைக் கையால் கொட்டிச் சுட்ட காலத்து மாதிரிகள். ஆறாவது ஒன்றையும் வாங்கிவிட்டால் வரிசை பூர்த்தியாகிவிடும் என்றார். சுற்றி நின்ற பையன்களின் கண்கள் விரிந்தன. அதைக் கண்டு உற்சாகமடைந்த வாலிபர், “துப்பாக்கி பிடிக்காத இனத்துக்குச் சரித்திரம் ஏது? கத்தியும் வாளியும் பிடித்ததனால்தான் நாம் கூலியாகவே கிடந்தோம்” என்று சொன்னார்.

மூலையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் இதைக் கேட்டு, “அதெல்லாம் நமக்கு எதற்குத் தம்பி? வருஷத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜை போடுகிறோமே, அது போதாதா?” என்றார்.

இருவர் பேச்சும் தவறு என்பது நமது அபிப்பிராயம். வாலிபர் பேச்சு ஆபத்தான தவறு. பெரியவர் பேச்சு சோம்பேறித்தனமான தவறு. அன்று அந்த வீட்டில் மங்கல காரியத்தின் நடுவே வாதம் வளர்ப்பது முறையன்று என்று நாம் ஒரே ஒரு கேள்வியோடு நிறுத்திக் கொண்டோம். அந்தக் கேள்வியையும் அதற்குக் கிடைத்த பதிலையும் பின்னால் சொல்லுவோம். சொல்லாமல் விட்ட மற்றவற்றை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. படத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்ற அந்தப் பையன்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலாவதாக, நியாயம் பேசுவோம். இப்படிப்பட்ட பொருளைச் சேகரிப்பதில் அறிவே இல்லை என்று சொல்லுவது பொய். கருமருந்து என்பது நூறு பங்கில் ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் கலந்த ஒரு தூள். அதைக் கொண்டு சுடும் சுழல் துப்பாக்கியில் ஓர் உருளை இருக்கிறது. அந்த உருளையில் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு அறைகள் இருக்கின்றன. சுத்தியைப் பாதியளவு பின்னுக்கு இழுத்தால் உருளை கையால் சுழலும். ஒவ்வோர் அறையிலும் முன்வாய் வழியாக அளந்த மருந்தைக் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, குழலின் கீழுள்ள நெம்புகோலால் அழுத்தி இறுக்க வேண்டும். ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவி எல்லாம் ஒருங்கே வெடித்துவிடாதிருக்கும் பொருட்டுக் குண்டின்மேல் கொழுப்பைப் பூசுவார்கள். பிறகு உருளையின் பின்புறத்து முளைகளில் சிறு செம்புக் கேப்புகளைப் பொருத்துவார்கள். ஆறு அறையிருந்தாலும் விஷயம் அறிந்தவர்கள் ஐந்திலே மருந்திட்டுச் சுத்தியை வெற்றறையின்மேல் இறக்கி வைப்பார்கள். சுட்டு முடித்தவுடன் எதிரில் நிற்பவர் முகம் தெரியாதபடி வெண்புகை எழும்பும். அத்துடன் வேலை தீர்ந்ததா? இல்லை. குழலிலும் அறைகளிலும் ஒட்டியிருக்கும் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவித் துடைத்து எண்ணெய் போட வேண்டும். மலாக்காவின் காற்றிலே கழுவாத துப்பாக்கியைத் துரு பிடிக்க ஓர் இரவு போதும்.

இவ்வளவையும் ஒருவர் பொறுமையோடு கற்றுக் கொள்கிறார் என்றால் அவரிடம் ரசாயனம் இருக்கிறது, யந்திர ஞானம் இருக்கிறது, சரித்திர ஆசையும் இருக்கிறது. இவற்றை நாம் பழிக்கவில்லை.

சரித்திர ஆசையைப் பற்றிச் சொன்னோம். சேகரிப்போர் சொல்லும் சரித்திரத்தையும் கேட்போம். அமெரிக்காவில் 1814-ம் வருஷம் பிறந்த சாமுவேல் கோல்ட் என்பவர், தமது 16-வது வயதில் ‘கார்வோ’ என்ற கப்பலில் மாலுமி வேலைக்கமர்ந்து கல்கத்தா யாத்திரை சென்றார். அந்த யாத்திரையில்தான் சுழலும் உருளையின் மாதிரியை அவர் மரத்தில் செதுக்கினார் என்று சொல்லப்படுகிறது. கப்பலின் சுக்கான் சக்கரத்தைக் கண்டு அந்த எண்ணம் தோன்றிற்றா, அல்லது 1818-ம் வருஷத்தில் லண்டனில் பதிவுரிமை பெற்ற காலியர் என்பவரின் சுழல் துப்பாக்கியை இந்தியாவிலிருந்த வெள்ளைச் சிப்பாய்களிடம் கண்டு தோன்றிற்றா என்பதில் எழுதுகிறவர்கள் கருத்து வேறுபடுகிறார்கள். சுழலும் அறைகளையுடைய திரித்துப்பாக்கிகளை அதற்கு வெகு காலத்துக்கு முன்னரே இந்தியக் கொல்லர்கள் செய்திருந்தார்கள் என்பதற்கு அருங்காட்சிசாலைகளில் சாட்சி இருக்கிறது. எப்படியாயினும், 1836-ம் வருஷத்தில் கோல்ட் அமெரிக்காவில் பதிவுரிமை பெற்றார். பேட்டர்சன் என்ற ஊரில் அவர் வைத்த தொழிற்சாலை 1842-ம் வருஷத்தில் முறிந்தது. 1847-ம் வருஷத்தில், மெக்சிக்கோவின்மேல் அமெரிக்கா தொடுத்த யுத்தம் அவரை மறுபடி தூக்கி நிறுத்தியது. அந்த யுத்தத்துக்குச் செய்த ‘வாக்கர்’ என்னும் துப்பாக்கி இரண்டு கிலோவுக்கு மேல் நிறை கொண்டது. 1851-ம் வருஷத்தில் அவருடைய ‘நேவி’ மாதிரி வந்தது. அதே வருஷத்தில் லண்டன் மகா கண்காட்சியில் ராபர்ட் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயர், விசையை இழுத்த மாத்திரத்தில் தானே சுத்தி எழும்பும் துப்பாக்கியைப் போட்டிக்கு வைத்தார். பிறகு ரெமிங்டன், லெமா முதலியவை வந்தன. 1855-ம் வருஷத்தில் ரோலின் ஒயிட் என்பவர் உருளையை முன்னும் பின்னும் துளைக்கும் முறைக்குப் பதிவுரிமை பெற்றுக் கொண்டதனால், தோட்டாவைப் பின்வழியே செருகும் சுழல் துப்பாக்கியை 1869-ம் வருஷம் வரையில் அமெரிக்காவில் மற்றவர்கள் தாராளமாகச் செய்ய முடியாமலிருந்தது. ஒரு காகிதம் ஒரு தொழிலைப் பதினான்கு வருஷம் கட்டிப் போட்டது. 1884-ம் வருஷத்தில் பிரெஞ்சு ரசாயனி பால் வியேல் புகையற்ற மருந்தைக் கண்டபின் கருமருந்தின் காலம் முடிவடையத் தொடங்கியது. பழைய அசல்களின் விலை எட்டாதவர்களுக்காக 1950-களின் கடைசி முதல் இத்தாலியக் கொல்லர்கள் நகல்கள் செய்து வருகிறார்கள். நமது வாலிபரின் ஐந்தும் அந்த நகல்களே.

இந்தச் சரித்திரம் மெய். ஆனால் இது பாதி மெய்.

அன்று நாம் அவரைக் கேட்ட கேள்வி இதுதான்: “தம்பி, இந்தத் துப்பாக்கி செய்தவன் பெயர் தெரிகிறது, ஊர் தெரிகிறது, வரிசை எண்கூடத் தெரிகிறது. இதற்குள் போட்ட மருந்து எங்கிருந்து வந்தது?” அவர் சற்று யோசித்து, “கடையிலிருந்துதான்” என்றார். கூடத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைத் தவிர வேறு பதில் அவருக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. சேகரிப்போர் எழுதும் புத்தகங்களிலும் கண்காட்சிகளின் பித்தளைத் தகடுகளிலும் மருந்தின் பூர்வீகம் இருப்பதில்லை.

மருந்தின் பூர்வீகத்தை நாம் சொல்லுகிறோம். நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு என்றோமல்லவா? அந்த வெடியுப்பை உலகத்துக்குக் கொடுத்த மண்களில் தலையானது பீகார் மண். மாட்டுக் கொட்டில் ஓரத்திலும் குடியிருப்புச் சுவர்களின் அடியிலும் பூத்த உவர்மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்து, கொப்பரையில் காய்ச்சி, அதை எடுத்தவர்கள் நூனியா என்னும் ஏழை ஜாதியார். நமது தமிழ் நாட்டிலும் உவர்மண்ணிலிருந்து உப்பெடுத்துப் பிழைத்த உப்பிலியர் என்பார் உண்டு. வெடியுப்புக் காய்ச்சும் தொழிலும் அவர்களிடம் இருந்தது. பிளாசி யுத்தத்துக்கு அடுத்த வருஷமாகிய 1758-ல், பீகார் வெடியுப்பு வாணிகத்தின் தனியுரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி கைப்பற்றியது. அன்று முதல் வெடியுப்பைக் காய்ச்சினவனுக்குத் தான் காய்ச்சியதன் விலையைச் சொல்லும் உரிமை இல்லாமற் போயிற்று.

இனி அந்த வெடியுப்பு அமெரிக்காவுக்குப் போன கதையைக் கேளுங்கள். 1861-ம் வருஷத்தில் அங்கே உள்நாட்டு யுத்தம் மூண்டது. வடக்குச் சர்க்காரிடம் மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு குறைவு. மருந்து முதலாளிகளான தூபோன் குடும்பத்து லாமோ என்பவர் அந்த வருஷக் கடைசியில் லண்டனுக்கு இரகசியமாக அனுப்பப்பட்டு, அங்கே கிடைத்த இந்திய வெடியுப்பை வளைத்து வாங்கினார். ‘டிரென்ட்’ கப்பல் தகராறு கிளம்பி, ஆங்கிலச் சர்க்கார் ஏற்றுமதியைத் தடுத்து வைத்து, தகராறு தீர்ந்தபின்னரே சரக்கைப் போகவிட்டது. ஆகவே, நம் வாலிபர் ஆசையோடு துடைத்து வைத்திருக்கும் கோல்ட், ரெமிங்டன் என்னும் துப்பாக்கிகளின் அசல்கள் அந்த யுத்தத்தில் வெடித்தபோது, அவற்றின் வாயிலிருந்து புறப்பட்ட புகையில் பீகார் ஏழையின் உழைப்பும் கலந்திருந்தது. அந்த யுத்தத்தின் முடிவில், 1865-ம் வருஷத்தில், அமெரிக்க அடிமைகள் சட்டப்படி விடுதலை பெற்றார்கள் என்பதையும் நாம் மறைக்கவில்லை. இந்தியாவில் ஒருவனை அடிமைபோல் வைத்துக் காய்ச்சிய உப்பு வேறோரிடத்தில் அடிமைத்தளையை வெடிக்கப் பயன்பட்டது. இவ்வளவு பெரிய சங்கதி நடந்திருக்க, “கடையிலிருந்துதான்” என்று ஒரு தமிழர் சொல்லும்படி வைத்திருக்கும் சேகரிப்பைப் பூர்த்தியான சேகரிப்பு என்று எப்படி ஒப்புக் கொள்ளுவது? ஆறாவது துப்பாக்கி வந்தாலும் அது பூர்த்தியாகாது. அறுபதாவது வந்தாலும் பூர்த்தியாகாது.

இது நிற்க. துப்பாக்கி பிடிக்காததனால்தான் நாம் கூலியானோம் என்ற பேச்சுக்கு வருவோம்.

துப்பாக்கி பிடித்த தமிழர்கள் இதே மலாக்கா மண்ணில் இருந்திருக்கிறார்கள் என்பதை அந்த வாலிபர் அறியாததுதான் வியப்பு. அலோர் காஜாவை அடுத்த நானிங் என்னும் சிறு நாட்டில் விளைச்சலில் பத்திலொரு பங்கைக் கம்பெனி வரியாகக் கேட்டது. நானிங் தலைவர் டோல் சாயிட் தர மறுத்தார். 1831-ம் வருஷத்தில் கம்பெனி அனுப்பிய படை தோற்றுத் திரும்பியது. 1832-ம் வருஷத்தில் பெரும்படை சென்று தாபோ நானிங்கைப் பிடித்தது. அந்தப் படையில் துப்பாக்கி தூக்கிச் சென்றவர்களில் பெரும்பாலோர் மதராஸ் சிப்பாய்கள்; நமது தமிழரும் ஆந்திர சகோதரரும். அவர்கள் கையிலும் கருமருந்துத் துப்பாக்கிதான் இருந்தது. அதைக் கொண்டு அவர்கள் யாருக்கு நாடு பிடித்தார்கள்? தமக்குத் தீங்கு செய்யாத ஒரு மலாய்க் குடியானவனின் நெல்லில் பத்திலொன்றைப் பறிப்பதற்குச் சுட்டார்கள். செலவோ சுமார் ஒரு லட்சம் பவுன் என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். அந்த வரியை எத்தனை தலைமுறை வசூலித்தாலும் அந்தத் தொகை தேறாது. மலாக்கா நகரின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் நானிங் யுத்தத்தில் மாண்ட வெள்ளை அதிகாரிகளுக்குக் கல் நிற்கிறது. மாண்ட சிப்பாய்களின் பெயர் தாங்கிய கல்லொன்றை நாம் அங்குக் கண்டதில்லை. துப்பாக்கி பிடித்த தமிழனுக்குக் கிடைத்த சரித்திரம் இதுதான்! கையில் ஆயுதம் இருப்பதும், அந்த ஆயுதம் யாருக்காக வெடிக்கிறது என்று கேட்கும் உரிமை இருப்பதும் வெவ்வேறு சங்கதிகள் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

1857-ம் வருஷத்தைப் பாருங்கள். சிப்பாய் கையில் ஒரு முறை சுட்டால் மறுபடி மருந்திட வேண்டிய நீண்ட துப்பாக்கி. அதிகாரிகள் பலருடைய இடுப்பில் தொடர்ந்து சுடக்கூடிய கோல்ட் அல்லது ஆடம்ஸ். அந்தக் கிளர்ச்சி அடங்கியபின் வந்த 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், இந்தியன் ஆயுதம் வைத்துக் கொள்ள உரிமம் கேட்கும்படி செய்து, வெள்ளையருக்கு விலக்கும் அளித்தது. ஆகவே கருமருந்துச் சுழல் துப்பாக்கியைப் பார்க்கும் போது நமக்கு வீரம் நினைவுக்கு வருவதைவிட, யாருக்கு அனுமதி இருந்தது, யாருக்கு இல்லை என்ற கணக்கே முன்னால் நினைவுக்கு வர வேண்டும். இந்தக் கணக்கை விட்டுவிட்டுக் குழலின் பளபளப்பை மட்டும் பார்த்து மயங்குவது, சாட்டையின் பின்னல் வேலையைப் புகழ்ந்து, அது விழுந்த முதுகை மறந்துவிடுவதாகும்.

வீரம் எது என்று கேட்டால் நாம் 1941-ம் வருஷத்துக் கிள்ளானைக் காட்டுவோம். அங்கே தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் உயர வேண்டும் என்று கேட்டார்கள். துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, ஐவர் மாண்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். மாண்டவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. பால் வெட்டிய கத்தியும் வாளியும் பிடித்த அதே கைகள்தான் இருந்தன. அவர்களைக் கூலியாகவே கிடந்தவர்கள் என்று சொல்லுவதற்கு யாருக்கும் வாய் வரக் கூடாது. அவர்கள் வெட்டிய பாலில் படித்து உயர்ந்தவர்களுக்கு நிச்சயமாக வரக் கூடாது.

இனி, ஆயுத பூஜை போதும் என்ற பெரியவருக்கு ஒரு வார்த்தை. தஞ்சாவூர் அரண்மனையில் ஓர் ஆயுதசாலை இருந்தது. நாயக்கர் காலமும் மராட்டியர் காலமும் சேர்த்து வைத்த வாளும் ஈட்டியும் கட்டாரியும் அங்கே குவிந்து கிடந்தன. 1855-ம் வருஷத்தில் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மாண்டார். கம்பெனி ராஜ்யத்தை விழுங்கியது. பிறகு அந்த ஆயுதங்களில் பெரும்பகுதி உடைத்து நொறுக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. 1851-ம் வருஷத்தில் ஏற்பட்ட சென்னை அருங்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு சிறு பகுதியே இன்று எழும்பூரில் மிஞ்சி நிற்கிறது. அந்த ஆயுதசாலையைப் பற்றி 1878-ம் வருஷத்தில் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதி வைத்தவர் வால்ஹவுஸ் என்ற ஓர் ஆங்கிலேயர். அத்தனை நூற்றாண்டுகள் அவற்றுக்கு நவராத்திரி தோறும் சந்தனமும் குங்குமமும் பூசி வந்தோம். அவற்றைச் செய்த கொல்லன் பெயரை எழுதி வைத்தோமா? எந்த ஊர் இரும்பு என்று எழுதி வைத்தோமா? எத்தனை இருந்தன என்றாவது நம் ஜனங்கள் கையில் ஒரு பட்டியல் இருந்ததா? பூசை செய்யத் தெரிந்தவர்களுக்குப் பட்டியல் எழுதத் தெரியவில்லை. பட்டியல் இல்லாத சொத்தை எவனும் நிறுத்து விற்கலாம் என்பதைத் தஞ்சாவூர் நமக்குக் காட்டியிருக்கிறது.

மேலே சொன்னவையெல்லாம் பழைய கதைகள் என்று யாரேனும் நினைத்தால், இப்பொழுது நடப்பதையும் சொல்லுகிறோம். இவ்வருஷத் தொடக்கத்தில் ஓர் அம்மாள் ஒரு மனு எழுதித் தரும்படி நம்மிடம் வந்தார். தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் வீட்டுமனையானபின் நகரத்து அடுக்குமாடியில் குடியேறி, கட்டிடம் கூட்டிப் பிழைக்கிறார். அவருடைய மகனுக்கு வயது பத்தொன்பது. அவன் யாரிடமோ ஒரு போலித் துப்பாக்கியை வாங்கி, அதைப் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தை நண்பர்களுக்கு அனுப்பினான். வழக்காகிவிட்டது. அந்த அம்மாள் நம்மைக் கேட்டது ஒன்றுதான்: “அது சுடுமா ஐயா?”

“சுடாது அம்மா.”

“சுடாததுக்கா இவ்வளவும்?”

நமக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை. 1960-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 36-வது பிரிவு போலி ஆயுதம் வைத்திருப்பதையும் குற்றமாக்கி, ஒரு வருஷம் வரையில் சிறையோ, ஐயாயிரம் வெள்ளி வரையில் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. மெய்யான சுடுபடையை உரிமமின்றி வைத்திருந்தாலோ, 1971-ம் வருஷத்துக் கூடுதல் தண்டனைச் சட்டப்படி பதினான்கு வருஷம் வரையில் சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. அமெரிக்காவின் கூட்டரசுச் சட்டமோ, 1898-ம் வருஷம் வரையில் செய்யப்பட்டவற்றையும், கருமருந்திட்டுச் சுடும் அவற்றின் நகல்களையும் பெரும்பாலும் சுடுபடைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆகையால் அங்கே ஒரு கனவானுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருப்பது, இங்கே ஒரு தொழிலாளி மகனுக்குச் சிறைக்கதவாக இருக்கிறது. நம் நாட்டுச் சட்டம் கடுமையானது என்று குறை சொல்ல நாம் வரவில்லை. துப்பாக்கி மலிந்த நாடுகளில் விழும் பிணங்களின் கணக்கைப் பார்க்கும் போது, இந்தக் கட்டுப்பாடு வேண்டியதே என்பதுதான் நமது கொள்கை. நாம் குறை சொல்லுவது, கடல் கடந்து பத்திரமாக இருந்துகொண்டு, படத்தை இங்கே அனுப்பி, “துப்பாக்கி பிடிக்காத இனம்” என்று பேசும் பெரிய மனிதர்களைத்தான்.

2013-ம் வருஷத்தில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் நம்மவர் பெயர் எவ்வளவு அடிபட்டது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதை மறுபடி எழுத நமக்கு வெட்கமாயிருக்கிறது. தோட்டம் போயிற்று, லயம் போயிற்று, அதற்கு ஈடாகத் தொழிலும் மனையும் பலருக்குக் கிடைக்கவில்லை. இந்த நிலையில் வளரும் பையனிடம், “உன் பாட்டன் துப்பாக்கி பிடிக்காததனால் இழிந்தவன்” என்று சொன்னால், அவன் என்ன முடிவுக்கு வருவான் என்று யோசிக்க வேண்டாமா? வாலிபர் அதை நினைத்துப் பேசவில்லை என்பது நமக்குத் தெரியும். அவர் நல்லவர்; அன்று பெரியவருக்குத் தாமே எழுந்து நாற்காலி கொடுத்தவர். நல்லவர் வாயிலிருந்து வரும் தவறான பேச்சுத்தான் அதிக தூரம் போகிறது.

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்லுகிறீர்கள் என்று கேட்பார்கள். சொல்லுகிறோம்.

முதலாவது, அமெரிக்காவிலும் மற்ற இடங்களிலும் சட்டப்படி சேகரிக்கும் நம்மவர்கள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பக்கத்தில் ஓர் ஏடு வைக்கட்டும். செய்தவன் பெயரோடு, வெடியுப்பு எந்த மண்ணிலிருந்து வந்தது, அதைக் காய்ச்சியவர் யார், அந்த மாதிரி எந்த யுத்தத்தில் யார்மேல் திரும்பியது, அதை வைத்துக் கொள்ள யாருக்கு உரிமை மறுக்கப்பட்டது என்ற நான்கையும் எழுதட்டும். தமிழில் எழுதட்டும். ஆறாவது துப்பாக்கிக்கு வைத்திருக்கும் பணத்தை இந்த ஏட்டுக்குச் செலவிட்டால், அவர்களுடைய சேகரிப்பு அதன் சொந்தக்காரருக்குப் பின்னும் பிரயோஜனப்படும்.

இரண்டாவது, இங்குள்ள பையன்கள் துப்பாக்கியையோ அதன் போலியையோ தேட வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மலாக்கா 2008-ம் வருஷத்தில் உலகப் பாரம்பரிய நகரமென்று ஏற்கப்பட்டது. அருங்காட்சிசாலைகளுக்குக் குறைவில்லாத ஊர் அது. ஆயர் குரோவிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். அங்கே பழைய பீரங்கியும் துப்பாக்கியும் கண்ட இடத்தில் நின்று, தகட்டில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதப்படவில்லை என்று இரண்டையும் குறித்துக் கொள்ளட்டும். எழுதப்படாததை நிர்வாகிகளுக்கு மரியாதையாக எழுதிக் கேட்கட்டும். மதராஸ் சிப்பாய்கள் இந்த நாட்டுக்கு வந்தது எப்படி, போனது எப்படி என்று கேட்பதற்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நமது தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் நம் வீடுகளில் மிஞ்சியிருப்பதைப் பட்டியலிட முன்வர வேண்டும். பால் வெட்டிய கத்தி, மங்கு, வாளி, செக்ரோல் துண்டு, பழைய அடையாளச் சீட்டு, தோட்டக் காவலுக்கு நின்ற தாத்தாவின் படம் ஆகியவை இன்று சேரவில்லையென்றால் தஞ்சாவூர் இரும்பு போன வழியே போய்விடும். 1896-ம் வருஷத்தில் தான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதைப் புத்தகங்கள் சொல்லுகின்றன. பின்னர் எழுந்த தோட்டங்களில் அந்த மரத்தை வெட்டியவர்கள் பெயரைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். கத்தியைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் இரண்டின் சரித்திரமும் விளங்கும்.

ஆயர் குரோ என்றால் கலங்கிய நீர் என்று மலாய் மொழியில் பொருள். நம் சரித்திரமும் அப்படித்தான் கலங்கிக் கிடக்கிறது. அதைத் தெளிய வைக்கப் பொறுமை வேண்டும். அதற்குள்ளே துப்பாக்கியைச் சுடுவதனால் தெளிவு வராது. கருமருந்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சுட்ட அன்றே அதைக் கழுவுகிறார்கள் என்று சொன்னோம். கசடு இரும்பைத் தின்னும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த மருந்து மனிதரிடையே விட்டுப்போன கசட்டையும் அதே கவனத்தோடு கழுவ அவர்கள் முன்வருவார்களாக.

அந்த அம்மாளின் மகனுக்கு வழக்கு இன்னும் முடியவில்லை. மனுவை எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவன் வெளியே வந்தால் முதல் நோட்டுப் புத்தகத்தை நாமே வாங்கிக் கொடுப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறோம்.